ஆடு தொடாத வேலி

ஆனந்தவல்லிக்குக் கருநாக்கு என்று ஊரில் பேர். அவள் திட்டினால் பலிக்கும், மண்ணை வாரித் தூற்றினால் வீட்டோடு பலிக்கும் என்று நம்பினார்கள். யாராவது அவள் எதிரிலேயே அதைச் சொல்லிவிட்டால், "நான் என்னத்தக் கண்டேன், வாய்க்கு வந்ததச் சொல்லுவேன், மாரியாத்தா கேட்டுக்கறா" என்று அடக்கமாகச் சொல்லிக்கொள்வாள். உள்ளுக்குள் அந்தப் பேரை நகை மாதிரி பூட்டி வைத்திருந்தாள்.

கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து, வலங்கைமானுக்குத் தெற்கே குடமுருட்டித் தண்ணீர் பாயும் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவளுக்கு வாயே கிடையாது. மாமியார் சோற்றில் குறை சொன்னாள், குழம்பில் குறை சொன்னாள், கேட்டுக்கொண்டாள். கணவர் வீரையன் வாயில்லாப் பூச்சி. அவர் வயலுக்கு முறைப்படி வரவேண்டிய தண்ணீரை மேல்மடைக்காரன் ஒருவன் வருஷா வருஷம் அடைத்துக்கொண்டான். அவர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வீடு திரும்பினார். ஒரு வருஷம் நாற்று மஞ்சளாகிக் கருகும் நிலைக்கு வந்தது. அன்றைக்கு இடுப்பில் கைக்குழந்தை தமிழரசனோடு ஆனந்தவல்லி மேல்மடைக்காரன் வாசலுக்குப் போனாள். குனிந்து அந்த வாசல் மண்ணை வாரி அவன் வீட்டுக் கூரை மேல் இறைத்தாள். "என் நாத்து கருகுன மாதிரி உன் தொழுவம் கருகிப் போவட்டும்" என்றாள். அந்த வாரமே அவனுடைய எருமை ஒன்று வயிறு உப்பிச் செத்தது. எருமைகள் வயிறு உப்பிச் சாவது உலகத்தில் புதிது இல்லை. ஆனால் அதற்கப்புறம் ஆனந்தவல்லி வயலுக்குத் தண்ணீர் தானாக வந்தது.

மேல்மடைக்காரன் மன்னிப்புக் கேட்டு வந்து நின்றான். தூற்றிய மண்ணைத் திரும்ப எடுக்க அந்த ஊரில் ஒரு முறை இருந்தது. தூற்றியவளே அதே வாசலில் பிடி மண் அள்ள வேண்டும். அந்த வீட்டுக்காரர் அவள் கையில் குடத்துத் தண்ணீரை ஊற்ற வேண்டும். மண் கரையக் கரைய, சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டேன் என்று இவள் சொல்ல, போதும் என்று அவர் சொல்ல வேண்டும். ஆனந்தவல்லி உடனே போய்விடவில்லை. குறுவை அறுப்பு முடியட்டும் என்றாள். அறுப்பு முடிந்ததும் கால் வலிக்கிறது என்றாள். அவன் மனைவி தினமும் குடத்தை நிரப்பி வைத்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிக் காத்துக்கிடப்பதைப் பார்க்க ஆனந்தவல்லிக்குப் பிடித்திருந்தது. நல்ல மனுஷி என்று அவளை யாரும் சொன்னதில்லை. அந்தப் பேருக்கு அவளும் ஆசைப்பட்டதில்லை.

இப்படி வாய் அவளுக்கு வயலைவிடப் பெரிய சொத்தானது. முருங்கைக்காய் திருடியவனுக்கு மஞ்சள்காமாலை வந்தது. வரப்பை வெட்டிச் சாய்த்த டிராக்டர்க்காரன் ஏணியிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டான். அவள் வாரித் தூற்றியும் கொழுகொழு என்று இருக்கிறவர்கள் ஊர் முழுக்க உண்டு. அவர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அவளும் சேர்ப்பதில்லை, ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்தி பூர்ணிமா. வீரையனின் தம்பி தியாகுவின் மனைவி. தியாகு அறுவடை மெஷின் ஓட்டிக்கொண்டு மாவட்டம் மாவட்டமாகப் போகிறவன். வீட்டையும் வயலையும் பூர்ணிமாதான் பார்த்துக்கொண்டாள். மனையைப் பாகம் பிரித்தபோது சர்வேயர் ஊன்றிய கல், ஆனந்தவல்லி மனசுக்குள் ஊன்றியிருந்த இடத்திலிருந்து ஒரு முழம் அவள் பக்கமாகத் தள்ளி விழுந்தது. அந்த ஒரு முழத்துக்காக ஆனந்தவல்லி பேசிய பேச்சைக் கேட்டு சர்வேயரே சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு ஓடினார். பூர்ணிமா மட்டும் நின்று கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முடிஞ்சுதாக்கா? அடுப்புல உலை கொதிக்குது" என்று உள்ளே போனாள். அதற்கப்புறம் அவள் வீட்டுப் பசு கிடாரிக் கன்று போட்டது. மகன் ராம்கிக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. சாபம் கொடுத்த வீடு இப்படிச் செழிப்பதை ஆனந்தவல்லியால் மன்னிக்கவே முடியவில்லை.

கல் வரிசையை ஒட்டித் தன் பக்கத்தில் பூர்ணிமா அரளி வைத்தாள். ரோட்டோரம் ஆனந்தவல்லிக்குக் காட்டாமணக்கு வேலி, மாமியார் காலத்திலிருந்து. இரண்டு பேரும் அந்தந்தச் செடியைத் தேர்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான். அந்தப் பக்கத்தில் வேலிக்குச் செடி பார்க்கிறவர்கள் ஒரே ஒரு பொருத்தம்தான் பார்ப்பார்கள்: ஆடு வாய் வைக்குமா? வைக்காது என்றால் நல்ல செடி. ஆடாதொடை, நொச்சி, காட்டாமணக்கு, அரளி எல்லாம் அந்தப் பரீட்சையில் தேறியவை. கோழியின் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை.

ஆனந்தவல்லி கேட்டாள், தன் வசதிக்கு. "பூவுக்கா வச்சிருக்கா அரளிய? என் கோழி தின்னுட்டுச் சாவணும்னு வச்சிருக்கா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். பூர்ணிமாவின் கோழிகள் அந்த அரளி நிழலில்தான் குழி பறித்துப் புழுதியில் புரண்டன. மத்தியான வெயிலுக்கு அங்கேதான் ஒண்டின. ஆனந்தவல்லியின் கோழிகளும் அதற்கு அடியில் புகுந்து போய்ப் புழு தின்றுவிட்டுத்தான் வந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. அது அவள் கண்ணில் படவில்லை. பட்டாலும் அவளுக்கு அது பிரயோஜனமில்லை.

கோழிகள் என்றால் அவளுக்கு உயிர். மனுஷர்களிடம் காட்டாத பிரியத்தையெல்லாம் அவற்றிடம்தான் காட்டினாள். அவற்றை மட்டும் ஒருநாளும் சபித்ததில்லை. அதிலும் செவலைச் சேவல் ஒன்றைத் தமிழரசனுக்கென்று விட்டுவைத்திருந்தாள். அவனும் சிங்கப்பூரில்தான் இருந்தான். சித்திரை பிறந்ததும் வருவதாகச் சொல்லியிருந்தான். போன தடவை வந்தபோது மாமன் வீட்டு விசேஷம், நண்பர்கள் கல்யாணம் என்று ஓடிவிட்டு அம்மா கையால் ஒழுங்காக ஒரு வேளை சாப்பிடாமல் பிளேன் ஏறிவிட்டான். அந்தக் குறை அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இந்தத் தடவை அவன் வந்து இறங்குகிற அன்றைக்கே செவலை குழம்பாக வேண்டும், அவன் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். வீரையன் ஒருநாள் சேவலைக் கொஞ்சம் ஆசையாகப் பார்த்ததற்கு அன்று முழுக்கப் பேச்சு வாங்கினார்.

பங்குனிக் கடைசியில் உளுந்து பிடுங்கினார்கள். அந்த மாதத்தில் அந்தப் பக்கத்து ரோடுகளில் பாதி வண்டிக்கு, பாதி உளுந்துக்கு. காய்ந்த செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டால் டவுன் பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி அடித்துக் கொடுத்துவிடும். பைக்கில் போகிறவர்கள் வழுக்கி விழுந்து திட்டிவிட்டுப் போவார்கள். முதலில் பரப்பியவர்களுக்கு ரோடு சொந்தம். அதில் சர்வேயருக்கு வேலை கிடையாது.

அன்றைக்குக் காலையில்தான் வீரையன் காட்டாமணக்கு வேலியைக் கழித்திருந்தார். மகன் வருகிற கார் உள்ளே நுழைய முடியாதபடி வாசல் இரண்டு பக்கமும் செடி அடைத்துக்கொண்டிருந்தது. இலை உதிர்ந்து, கருத்துக் காய்ந்த காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகிற காலம். கிளைகளை இழுத்து ஓரமாகப் போட்டாலும் காய்கள் ரோட்டில் உதிர்ந்து சிதறிக் கிடந்தன.

"ஒரு தடவ கூட்டிட்டுப் பரப்புவோமா?" என்று வீரையன் கேட்டார்.

"கூட்டுவீங்க, கூட்டுவீங்க. நீங்க வெளக்குமாத்தத் தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள அவ வந்து அவ செடியப் பரப்பிடுவா. பஸ் வர்ற நேரம். போடுங்கன்னா போடுங்க."

கணவரை அதட்டுவதிலும் அவள் மரியாதையைக் குறைத்ததில்லை. வீரையன் போட்டார். உளுந்துச் செடியோடு சேர்த்துக் காட்டாமணக்குக் காய்களையும் பஸ்கள் நசுக்கின. சாயங்காலம் செடியை உதறி எடுத்து, காற்றில் தூற்றி, பொட்டுத் தோலைப் பிரித்து, உளுந்தைச் சாக்கில் கட்டினார்கள். ரோட்டில் கடைசியாகக் கூட்டி அள்ளிய அடித்தூசி ஒரு கூடை மிஞ்சியது. உடைந்த உளுந்தும் மண்ணும் நொறுங்கிய ஏதேதோவும். ஆனந்தவல்லி அதைக் கொல்லையில் கொட்டி "பா, பா" என்று கூப்பிட்டாள். கோழிகள் இறக்கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தன. செவலைக்கு நல்ல இடமாகப் பார்த்துத் தானே ஒரு கை அள்ளி வைத்தாள்.

சத்தம் கேட்டுப் பூர்ணிமாவின் கோழிகளும் அரளிக்கு அடியில் தலையை நீட்டின. ஆனந்தவல்லிக்கு அதைப் பார்க்கப் பொறுக்குமா? ஓட்டாஞ்சில்லை எடுத்து வீசினாள். கம்பை எடுத்துக்கொண்டு துரத்தினாள். அவை திரும்பத் திரும்ப வந்தன. அவளும் விடாமல் அங்கேயே நின்று, தன் கோழிகள் தின்று முடிக்கும்வரை காவல் காத்தாள். எதிரி வீட்டுக் கோழி ஒரு மணி தின்றுவிடவில்லை என்ற திருப்தியோடு கை கழுவினாள்.

மறுநாள் கோழிகள் இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலையில் நின்றன. தண்ணீராகக் கழிந்தன. வெயில் ஏறுவதற்குள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. செவலை கடைசியாகச் செத்தது, அவள் மடியிலேயே. வீரையன் குனிந்து பார்த்துவிட்டு, "கழிச்சல் நோவா இருக்கும்" என்றார்.

"நோவுன்னா வேலியப் பாத்துட்டு நின்னுடுமா? அங்க பாருங்க, அவ கோழி எப்படிக் கொக்கரிக்குதுன்னு. என் கோழி மட்டும் சாவுதுன்னா என்ன அர்த்தம்? அரளி. அரளிய அரைச்சு வச்சுட்டா பாவி."

அவள் சொன்ன கணக்கு பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. செத்த சேவலை அப்படியே தரையில் வைத்துவிட்டுப் பூர்ணிமா வாசலுக்குப் போனாள். பூர்ணிமா அங்கே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தெருவில் ஆட்கள் கூடினார்கள். ஆனந்தவல்லி குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள்.

"என் கோழிக்கு வெஷம் வச்ச கை வெளங்காம போவட்டும்! வச்சவ பெத்த புள்ள வீடு வந்து சேரக்கூடாது! அவன் வாயில அவ ஆக்குன சோறு எறங்கக்கூடாது!"

மண் பூர்ணிமாவின் கூரையில் சரசரவென்று விழுந்தது. அவள் கையில் இருந்த பாத்திரம் நழுவியது. இதுவரை ஆனந்தவல்லியின் எந்தப் பேச்சுக்கும் அசையாதவள் முகம் வெளுத்துப்போனாள். ராம்கியும் சித்திரையில்தான் வருகிறான்.

"அக்கா, என்னை என்ன வேணாலும் சொல்லுங்க. புள்ளைய இழுக்காதீங்க. நான் வைக்கல."

"நீ வைக்கலைன்னா உனக்கு ஏண்டி பயம்? நான் பேரச் சொன்னனா? வச்ச கை எதுவோ அதுக்குத்தான் சாபம். ஆத்தாளுக்குத் தெரியும் எந்தக் கைன்னு."

அவள் முகம் வெளுத்ததைக் கண்ணாரப் பார்த்துவிட்டுத்தான் ஆனந்தவல்லி வீடு திரும்பினாள். கோழி செத்த துக்கத்தில்கூட அது இனிப்பாக இருந்தது. வீரையன் வாசற்படியில் குந்தியிருந்தார். அவள் சொம்புத் தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"ராம்கியும் நம்ம தமிழும் ஒரே பிளேன்லதான் வர்றானுவ. பக்கத்துப் பக்கத்து சீட்டாம்."

பங்காளி வீட்டுச் சண்டையைப் பையன்கள் மதித்ததே இல்லை. இது அவளுக்குத் தெரியும். பிளேன் டிக்கெட் வரைக்கும் ஒன்றாக எடுப்பார்கள் என்றுதான் தெரியாது. சொம்பை வைத்துவிட்டு மாரியம்மன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். ராம்கியை என்ன செய்வதானாலும் திருச்சியில் இறங்கினதுக்கு அப்புறம் செய் தாயே, பிளேனுக்குள் வேண்டாம் என்றாள். காரிலும் ஒன்றாகத்தான் வருவார்கள் என்று பிறகு தோன்றியது. திரும்பப் போய், கார் ஊருக்குள் நுழைந்தப்புறம் என்று திருத்தினாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு சாபத்துக்கு விவரம் எழுதிக் கொடுத்தது இதுவே முதல் தடவை.

ஆனாலும் ஆத்திரம் ஆறவில்லை. போலீசுக்குப் போகவேண்டும், பூர்ணிமாவை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைக்கவேண்டும். அதற்கு அரளி விஷம் என்று டாக்டர் வாயால் வரவேண்டும். செவலையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, வீரையனின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து கால்நடை மருந்தகத்துக்குப் போனாள். அங்கே அனுராதா என்ற இளம்வயது டாக்டர் இருந்தார்.

"அரளி வெஷம்னு சொல்லுங்க டாக்டரம்மா. மத்தத நான் பாத்துக்கறேன்."

"அறுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்மா" என்று அனுராதா கையுறையை மாட்டிக்கொண்டார். சேவலின் கழுத்தடியில் இருக்கிற தீனிப்பையைக் கீறி, உள்ளே இருந்ததை ஒரு தட்டில் வழித்துப் போட்டார். உடைந்த உளுந்து. மணல். அதோடு தடித்த கறுப்புத் தோல் துண்டுகளும் வெள்ளையாக எண்ணெய்ப் பசையோடு பருப்பு நொறுங்கலும். டாக்டர் அந்தத் தோலைக் குறட்டால் எடுத்துக் காட்டினார்.

"இது என்னன்னு தெரியுதாம்மா? அரளி இல்ல. இலை ஒண்ணுகூட இல்ல பாருங்க. காட்டாமணக்கு விதை இது. குடலெல்லாம் செவந்து ரத்தம் கட்டியிருக்கு. உங்க வீட்டு வேலி என்ன செடி?"

வீரையன்தான், "அதேதாங்க" என்றார்.

"ஆனா வேலியில நின்னா கோழி அத அநேகமா தொடாதே. முழு விதையையும் சீண்டாது. அரளியும் அப்படித்தான், வெஷம்தான், ஆனா கசப்பு. நாலு பக்கமும் மேஞ்சு திரியற கோழி அதுல வாய வைக்காது. வெட்டிப் போட்ட தழைய அடைச்சுவச்ச கோழிக்குப் போட்டா, இல்ல தீனியோட பொடிசா கலந்துபோனா அப்பத்தான் ஆபத்து. இந்த விதை நல்லா நொறுங்கியிருக்கு. பருப்பு ருசியா வேற இருக்கும், பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களே தின்னுட்டு வாந்தியெடுத்து ஆஸ்பத்திரிக்கு வருதுங்க. யாரும்மா இத இடிச்சு உளுந்தோட கலந்து போட்டது?"

யார் இடித்தது என்றால், டவுன் பஸ் இடித்தது. யார் போட்டது என்ற கேள்விக்கு ஆனந்தவல்லி, செவலைக்கு நல்ல இடமாகப் பார்த்து அள்ளி வைத்த தன் வலது கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது வாய்க்கால் பாலத்தருகே வீரையன் வண்டியை நிறுத்தினார். "நான் அப்பவே கூட்டிட்டுப் போடுவோம்னேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளைக் குற்றம் சொன்னது அது ஒன்றுதான். சொன்ன பிறகு அவருக்கே பயமாகிவிட்டது. கிக்கரை உதைத்து வண்டியைக் கிளப்பினார்.

மறைத்துவிடலாம். டாக்டர் ஊருக்கு வந்து தண்டோரா போடப்போவதில்லை. வீரையன் வாய் திறக்கமாட்டார். மனுஷர்களிடம் மறைப்பதில் அவளுக்குக் கூச்சமில்லை. ஆனால் சாபத்தில் அவள் யார் பேரையும் சொல்லவில்லையே. வச்ச கை எதுவோ அதற்கு என்றுதானே தெருவே கேட்கச் சொன்னாள். வச்சவ பெத்த புள்ள வீடு வந்து சேரக்கூடாது. தமிழரசனை அவள்தான் பெற்றாள். தன் நாக்கு பலிக்காது என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். அப்படி நினைக்க அவளால் முடியவில்லை. பலிக்காது என்றால் இத்தனை வருஷம் அவள் யார்? பலிக்கும் என்றால் பிள்ளை போனான். பையன்கள் சிங்கப்பூரில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து பூர்ணிமா வாசலுக்குப் போனாள்.

"மண்ணு எடுக்க வந்திருக்கேன்" என்றாள்.

பூர்ணிமா நிலைப்படியிலேயே நின்றாள். "ஏன்? வெஷம் வச்ச கை எதுன்னு தெரிஞ்சுபோச்சா?"

"தண்ணி எடுத்துட்டு வா."

"கொடம் காலியா இருக்கு. பைப்புல சாயங்காலம்தான் தண்ணி வரும். நில்லுங்க."

உள்ளே தவலை நிறையத் தண்ணீர் இருப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. ஆனந்தவல்லி நின்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. பூர்ணிமா உள்ளே போய் அரிசி களைந்தாள், காய் நறுக்கினாள், துணி மடித்தாள். தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். நின்றவர்களில் அந்த மேல்மடைக்காரன் மனைவியும் இருந்தாள். கிழவியாகிவிட்டாள், ஆனாலும் மதிலோரம் சம்மணம் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டாள். பொழுது சாயும்போதுதான் பூர்ணிமா குடத்தோடு வெளியே வந்தாள்.

"சொல்லுங்க."

ஆனந்தவல்லி வாசல் மண்ணை ஒரு பிடி அள்ளிக் கையை நீட்டினாள். "நான்தான்" என்றாள்.

"கேக்கல."

"நான்தான் வச்சேன். உளுந்துத் தூசியில எங்க வேலிக் காய் நசுங்கிக் கெடந்துது. தெரியாம போட்டுட்டேன்."

"காலையில ஆத்தங்கரை வரைக்கும் கேட்டுது உங்க சத்தம். இப்ப எனக்கே கேக்கல. அந்த ஆயாவுக்குக் காது மந்தம், அதுக்கும் கேக்கணும்ல?"

ஆனந்தவல்லி தெருவைப் பார்த்தாள். ஒரு முகத்திலும் இரக்கம் இல்லை. இருக்கவேண்டிய காரணமும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். "என் கோழிக்கு வெஷம் வச்சது நான்தான்! சொன்ன சொல்ல நானே வாங்கிக்கிட்டேன்!"

பூர்ணிமா குடத்தைச் சாய்த்தாள். மண் விரலிடுக்கில் சேறாகி வழிந்தது. குடம் காலியாகியும் பூர்ணிமா அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. ஆனந்தவல்லி ஈரக் கையை நீட்டியபடியே நின்றாள்.

"என் கோழிய ஓட்டாஞ்சில்லால அடிச்சு வெரட்டுனீங்களே, அதனால அதுங்க பொழச்சுது. அதுக்கு வேணா உங்களுக்கு ஒரு கும்பிடு. மத்தபடி நீங்க நல்லாருக்கணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல. உங்க புள்ள பக்கத்து சீட்டுல என் புள்ள உக்காந்திருக்கான், அதுக்காகச் சொல்றேன். போதும்." கதவு சாத்திக்கொண்டது.

சித்திரை பிறந்து பையன்கள் ஒரே காரில் பத்திரமாக வந்து இறங்கினார்கள். கார் வாசலில் தாராளமாக நுழைந்தது. காட்டாமணக்கு இருந்த இடத்தில் வீரையன் மூங்கில் பிளாச்சு வேலி கட்டியிருந்தார். ஆனந்தவல்லி மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் தோளையும் முகத்தையும் தடவித் தடவிப் பார்த்தாள்.

"என்னம்மா இது, போருக்கா போயிட்டு வர்றேன்?" என்று தமிழரசன் சிரித்தான். கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தான். "கோழி சத்தத்தையே காணுமே. செவலை எங்க?"

"நோவுல போயிடுச்சுப்பா. கடையில பிராய்லர் வாங்கிக் கொழம்பு வச்சிருக்கேன்."

"அங்கதான் தெனம் பிராய்லர். நீ வையி, அப்புறமா சாப்பிடறேன்."

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாட்டுக்கோழிக் குழம்பு மணந்தது. ராம்கி கூப்பிட்டான். "டேய் தமிழு, வாடா. அம்மா சேவல் அடிச்சிருக்கு." தமிழரசன் அம்மா முகத்தைப் பார்க்காமல், சின்ன வயசில் போன அதே வழியில் அரளியை விலக்கிக்கொண்டு போனான். இலை போடும் சத்தம் கேட்டது. பிறகு பூர்ணிமாவின் குரல் கேட்டது, தெரு முழுக்கக் கேட்கும்படி.

"தைரியமா சாப்பிடுப்பா தமிழு. இது வெஷம் வைக்காத வீட்டுக் கோழி."

"ஏன் சித்தி, யாரு வெஷம் வச்சா?" என்றான் தமிழரசன் வாயில் சோற்றோடு.

"உங்கம்மாவக் கேளு."

ஆனந்தவல்லி கரண்டியோடு கொல்லை வாசலுக்கு ஓடினாள். வாயைத் திறந்தாள். இத்தனை வருஷச் சரக்கும் தொண்டைவரை வந்து நின்றது. குனிந்தால் காலடியில் மண்ணும் இருந்தது. அந்தப் பக்கத்தில் மகன், "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க சித்தி" என்று கேட்டான்.

அவள் வாயை மூடிக்கொண்டு உள்ளே வந்தாள். பிராய்லர் குழம்பை எடுத்து வீரையன் தட்டில் ஊற்றினாள். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, உப்பு கொஞ்சம் கூட என்றார்.